பவளத்தைத் தின்னது யாரு?

மார்ச் மாச ஆணியெல்லாம் புடுங்கி முடிச்சு, வருஷக் கணக்கை மூடி, ஆடிட்டருக்கு டீயும் பிஸ்கெட்டும் கொடுத்து வழியனுப்பி வச்சாச்சு. இனிமே ஒரு மாசம் மூச்சு விடலாம். அதனால ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்ச ஒரு விஷயத்தை இப்ப எழுதிடறேன். ஒரு துப்பறியும் கதை. இதுல துப்பறியறவனும் நான்தான், கோட்டை விட்டவனும் நான்தான் :-)

எங்க வீட்டு ஹால்ல மூணடி நீளத்துல ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கு. உப்புத்தண்ணி தொட்டி. தங்க மீன் வளர்க்கற தொட்டி மாதிரி கிடையாது; இதுக்கு ஆர்.ஓ. தண்ணியில அளந்து உப்பு கலக்கணும், தினமும் ஆவியாகிற தண்ணிக்கு ஈடு ஊத்தணும், மும்பை மே மாச வெயில்ல சில்லர் ஓடணும். மாசாமாசம் கரண்ட் பில் வரும்போது தங்கமணி என்னைப் பாக்கற பார்வை இருக்கே, அதை எழுத எனக்குத் தமிழ் போதாது. தொட்டி என்னோடது இல்ல, பையனோடது. பத்தாவது படிக்கும்போது பிடிச்சுது அவனுக்கு இந்தப் பைத்தியம். 2024 ஆகஸ்ட்ல இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனான். போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில கொடுத்து, "ப்பா, எல்லாம் இதுல இருக்கு. மறக்காம படிச்சிடுங்க"ன்னான். நானும் படிச்சேன். முழுசா இல்ல. அங்கதான் கதை ஆரம்பிக்குது.

தொட்டியில என்ன இருக்குன்னு சொல்லிடறேன். பவளம்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு மோதிரத்துக் கல்லுதான் ஞாபகத்துக்கு வரும். பவளங்கறது உயிருள்ள பிராணி. பூ மாதிரி இருக்கற ஒவ்வொரு வட்டமும் ஒரு வாய், அதைச் சுத்தி குட்டிக் குட்டிக் கைகள். அதை பாலிப்னு சொல்லுவாங்க. கல்லு மாதிரி கூடு கட்டற பவளங்களை நம்ம நாட்டுல வீட்டுல வளர்க்கக் கூடாது. 2001லிருந்து அதெல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல புலியோட சேர்ந்து முதல் அட்டவணையில இருக்கு. கடல் விசிறியும் அப்படித்தான். கடையில யாராவது ரகசியமா நீட்டினா வாங்காதீங்க. எங்க தொட்டியில இருக்கறது அந்தப் பட்டியல்ல வராத மென்மையான ரகங்கள்: மஷ்ரூம், லெதர், அப்புறம் ஜோவா. ஜோவாவை உண்மையான பவளம்னு சொல்ல மாட்டாங்க, பவளத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். சின்னச் சட்டைப் பொத்தான் அளவுல, பச்சை ஓரம், நடுவுல ஆரஞ்சு, கூட்டமா விரிஞ்சிருக்கும். பாறை எல்லாம் செராமிக், செயற்கை.

பையனுக்கு இன்னொரு செல்லம், கோரல் பியூட்டிங்கற ஒரு குட்டி ஏஞ்சல் மீன். ஊதா உடம்பு, நடுவுல மாம்பழ நிறம். 'ராணி'ன்னு பேரு. ஆணா பொண்ணான்னு யாருக்கும் தெரியாது. போன் பண்ணினா முதல் கேள்வியே "ராணி எப்படி இருக்கா?" அப்புறம்தான் அம்மாவைப் பத்தி விசாரிப்பான்.

ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழமை குர்லா பக்கம் போனேன். ஸ்டேஷன் பக்கத்துல வரிசையா மீன் கடைங்க உண்டு. எங்க வழக்கமான கடைக்கார பாய், "சாப், நயா மால்"னு சொல்லி சின்னக் கல்லுல ஒட்டின ஒரு ஜோவாக் கொத்தைக் காட்டினார். பையன் தீபாவளிக்கு வரும்போது அசத்திடலாம்னு வாங்கிட்டு வந்து, அன்னைக்கே தொட்டியில வச்சுட்டேன். பழைய ஜோவாக் கூட்டத்துக்குப் பக்கத்துலயே.

ஒரு வாரம் போச்சு. பழைய கூட்டத்துல ஒரு ஓரம் மூடியே இருந்துச்சு. சரி, தூங்குது போலன்னு விட்டேன். மறுநாள் அந்த ஓரத்துல வெறும் பாறை. நமக்குத்தான் தொழில் புத்தி போகாதே, ஒரு ரெஜிஸ்டர் போட்டேன். தேதி, பாலிப் எண்ணிக்கை, கையெழுத்து. செப்டம்பர் 5: 84. செப்டம்பர் 9: 76. செப்டம்பர் 12: 71. கேஷ் குறையுது. எடுக்கறது யாருன்னுதான் தெரியல.

முதல்ல தண்ணியைப் பார்த்தேன். இது சரியான வேலைதான், இந்தத் தொட்டி வச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் முதல்ல செய்ய வேண்டியது. உப்பு அடர்த்தி 1.025, சூடு 26 டிகிரி, நைட்ரேட், காரத்தன்மை எல்லாம் ஒழுங்கு. தண்ணி கெட்டா எல்லா ரகமும் சேர்ந்து சுருங்கும். இங்க மஷ்ரூம் குடை மாதிரி விரிஞ்சு நிக்குது, லெதர் கையை ஆட்டுது, ஜோவா மட்டும்தான் போகுது. அதுவும் ஒரு ஓரத்துலேருந்து வரிசையா. பக்கத்து வீட்டுப் பவளம் கொட்டியிருக்குமோன்னும் பார்த்தேன். பவளங்களும் இடத்துக்காகச் சண்டை போடும், கொட்டும், சில லெதர் வகை தண்ணியில விஷம் கூடக் கலக்கும். ஆனா அப்படி ஆனா தொடற இடத்துல கருகும், கரையும். இங்க பொத்தானை அறுத்தெடுத்த மாதிரி சுத்தமா காணோம். ஆக, யாரோ தின்னறாங்க.

ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டை அணைச்சுட்டு டார்ச் அடிச்சேன். அப்படியே உடம்பு சிலிர்த்துப் போச்சு. பாறை இடுக்குலேருந்து பூரான் மாதிரி, ரெண்டு பக்கமும் வெள்ளை முள்ளுமுடியோட, நாலஞ்சு புழு. ஒண்ணு சரியா அந்த மூடின ஜோவா மேலயே வாயை வச்சிருக்கு. கையும் களவுமா! பிரிசில் வார்ம்னு பேரு, நாம முள்ளுப்புழுன்னு வச்சுக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில்ல ஓட்டை போட்டு, இறால் துண்டு வச்சு, பொறி வச்சேன். ஒரு வாரத்துல பதினாலு பேரை அள்ளி, உப்பில்லாத தண்ணியில போட்டுக் கதையை முடிச்சேன். அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்.

செப்டம்பர் 20: 62.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். பவளத்தைத் தின்னற முள்ளுப்புழு ரகமும் உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா தொட்டிகள்ல சாதாரணமா இருக்கற ரகம் செத்ததையும் மிச்சம் மீதியையும் தின்னற துப்புரவுத் தொழிலாளி. பாலிப் ஏற்கெனவே செத்து அழுகினதால வாசனைக்கு வந்திருக்கு. சாவு வீட்டுக்கு வந்தவனைக் கொலைகாரன்னு பிடிச்சுட்டேன். பதினாலு பேரைக் கொன்னதுக்கு அப்புறம் பாறை இடுக்குல மீன் தீனி தங்கி, நைட்ரேட் ஏற ஆரம்பிச்சது. அது கைமேல் கிடைச்ச பலன்.

அடுத்து, நம்ம ராணி. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு சோபாவுல சாஞ்சிருக்கேன். அந்த மீன் நேரா ஜோவாக் கூட்டத்துக்குப் போச்சு. கொத்துச்சு. நகர்ந்துச்சு. மறுபடி கொத்துச்சு. பக்கத்துல இருந்த ரெண்டு பாலிப் சடக்குன்னு மூடிக்கிச்சு. என் கண்ணால பார்த்தேன். புத்தகத்துலயும் போட்டிருக்கு, குட்டி ஏஞ்சல் மீனுங்க பவளத்தைக் கொத்தற பழக்கம் உள்ளதுன்னு. முன்வழக்கு வேற இருக்கு, நேரடி சாட்சி வேற இருக்கு, இனி என்ன வேணும்?

"ஏங்க, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்களேன்"னு தங்கமணி சொன்னா. பரீட்சை நேரத்துல பையனைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொன்னேன். உண்மை என்னன்னா, கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவான்னு பயம். அந்த மீனைப் பிடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு, பாதிப் பாறையைக் கலைக்க வேண்டியதாப் போச்சு. பையில போட்டு குர்லா பாய்கிட்ட கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் எண்ணூறு ரூபா கழிச்சுக்கறேன்னார். வாங்கிக்கிட்டேன். அன்னைக்கு சாயங்காலம் பையன் போன் பண்ணி "ராணி எப்படி இருக்கா?"ன்னான். "நல்லா இருக்கா"ன்னேன்.

அக்டோபர் 2: 51. அக்டோபர் 6: 45.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன், மன்னிச்சுக்குங்க. 2011ல ஒரு சின்ன ஊர் கிளையில அதிகாரியா இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கேஷ் டேலி ஆகல. ஐம்பதாயிரம் குறைவு. ஐநூறு ரூபா நோட்டுல சரியா ஒரு கட்டு. கேஷியர் அறைக்குள்ள யார் யார் வந்தாங்கன்னு கேள்வி வந்தப்போ, எல்லாருடைய கண்ணும் ஒரே ஆள் பக்கம் போச்சு. டீ கொண்டு வந்து வைக்கற பியூன். ஏன்னா, அவர்தான் உள்ளே வந்ததை எல்லாரும் பார்த்தோம். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு, அவரோட ரெக்ஸின் பையைத் திறக்கச் சொன்னாங்க. டிபன் டப்பா, ஒரு துண்டு, பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ் ரசீது. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் பேசல. நாலாவது நாள் ஏ.டி.எம். பணத்தை எண்ணினா ஒரு கட்டு அதிகம். அன்னைக்கு மிஷின்ல பணம் ரொப்பினது நானும் இன்னொருத்தரும். வவுச்சர்ல ஒரு கட்டு குறைச்சு எழுதியிருந்தோம்.

யாரும் அவர்கிட்ட எதுவும் சொல்லல. 'அப்பாடா, கிடைச்சுது'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டோம். மறுநாளும் அவர் டீ கொண்டு வந்தார். ஆனா கேஷ் அறைக்குள்ள வரல. கப்பை வெளியே கவுன்ட்டர் மேல வச்சுட்டுப் போயிட்டார். நான் மாத்தலாகிப் போகற வரைக்கும் அப்படித்தான்.

45ன்னு எழுதிட்டு ரெஜிஸ்டரை மூடினப்போ அந்த கப்புதான் ஞாபகம் வந்துச்சு. சரி, இந்தத் தடவையாவது ஒழுங்கா விசாரிப்போம்னு உக்காந்தேன். அதுவரைக்கும் நான் செஞ்சது விசாரணையே இல்ல. இடத்துல யார் நிக்கறாங்களோ அவங்களைப் பிடிச்சுட்டேன், அவ்வளவுதான்.

நான் செஞ்சதை விவரமா சொல்றேன், இதே தொந்தரவு இருக்கறவங்களுக்கு உதவும். ஜோவாக் கூட்டம் ரெண்டு கல்லுல பரவியிருந்துச்சு. ஒரு கல்லை மட்டும் எடுத்து, நாலு பக்கமும் மெல்லிய வலை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வச்சு, மேலயும் மூடி போட்டு, அதே தொட்டிக்குள்ள தொங்க விட்டேன். அதே தண்ணி, அதே வெளிச்சம், அதே சூடு. மீனோ நண்டோ இறாலோ உள்ளே போக முடியாது. ரெண்டாவது கல்லு இருந்த இடத்துலயே இருந்துச்சு. வேற எதையும் தொடல. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம்தான் செய்யணும், ரெண்டு செஞ்சா எது காரணம்னு தெரியாமப் போயிடும். வெளிக் கல்லுல மட்டும் குறைஞ்சா திருடன் தொட்டியில சுத்தறவன். டப்பாவுக்குள்ளயும் குறைஞ்சா, திருடன் கல்லோட சேர்ந்தே உள்ளே வந்திருக்கான்.

நாலாவது நாள் காலையில எண்ணினேன். வெளிக் கல்லு அப்படியே இருக்கு. டப்பாவுக்குள்ள மூணு குறைவு.

பாதி சந்தோஷம், பாதி வயித்தைக் கலக்குச்சு. அப்படின்னா ராணி?

அன்னைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்தேன். இந்தத் தடவை டார்ச் மேல சிவப்பு ஜெலட்டின் காகிதம். வெள்ளை வெளிச்சம் பட்டா ராத்திரிப் பிராணிங்க ஓடி ஒளிஞ்சுக்கும், சிவப்பை அவ்வளவா கண்டுக்காது. முதல்ல நூடிபிராங்க்னு ஒரு ஓடில்லாத நத்தையைத் தேடினேன். அதுல ஒரு ரகம் ஜோவாவைத் தின்னு அந்த நிறத்தையே தன் உடம்புல ஏத்திக்கிட்டு, ஜோவாவுக்கு நடுவுல இன்னொரு ஜோவா மாதிரியே உக்காந்திருக்கும். அது இல்ல. கல்லை மெதுவா திருப்பினேன். பாலிப்புகளோட காலடியில, சுண்டு விரல் நகம் அளவுல, தட்டையா, சுருள் சுருளா ஒரு நத்தை. ஓடு மேல பழுப்பும் வெள்ளையுமா கட்டம் கட்டமா வரிசை, செதுக்கி வச்ச மாதிரி. அவ்வளவு அழகு. அதோட மூக்கு மாதிரி ஒரு நீளக் குழாய் பக்கத்து பாலிப்புக்குள்ள போயிருந்துச்சு.

சன்டயல் நத்தை. ஜோவாவும் அதோட சொந்தக்காரங்களும்தான் அதுக்குச் சாப்பாடு. பகல்ல கூட்டத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்.

இதுல கொடுமை என்னன்னா, அந்த நத்தையை எனக்கு முன்னாடியே தெரியும். செப்டம்பர் ஆரம்பத்துல ஒரு நாள் அது மணல்ல கவுந்து கிடந்துச்சு. பாசி தின்னற நத்தை போலிருக்கு, பாவம்னு நினைச்சு நானே கையால எடுத்து, நிமித்தி, ஜோவாக் கல்லு மேல வச்சேன். ரெஜிஸ்டர்ல கூட எழுதியிருக்கேன்: 'நத்தை ஒன்று காப்பாற்றப்பட்டது.' :-(

மொத்தம் மூணு கிடைச்சுது. டப்பாவுக்குள்ள ஒண்ணு, மத்த ரெண்டும் ஆகஸ்ட் கடைசியில வாங்கின அந்தப் புதுக் கல்லோட அடி இடுக்குல. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு இடுக்கியால எடுத்தேன். இதை அழுத்திச் சொல்றேன்: ஜோவா வகை சிலதுல பாலிடாக்சின்னு கொடிய விஷம் உண்டு. வெறுங்கையால தேய்க்கக் கூடாது, முக்கியமா கல்லை வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியே ஆளைப் படுக்க வச்சுடும். முட்டை இருந்தா மருந்துத் தண்ணியில முக்கினாலும் பெரும்பாலும் சாகாது, பார்த்துச் சுரண்டித்தான் எடுக்கணும். ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்கணும்.

பையனோட நோட்டை அப்புறம்தான் முழுசா புரட்டினேன். பதினோராம் பக்கம், சிவப்பு மையில: 'புதுசா எது வாங்கினாலும் ஆறு வாரம் தனி பக்கெட்ல. நேரா தொட்டியில வைக்காதீங்க ப்பா.'

பாய் கடைக்கு ஓடினேன். கோரல் பியூட்டி அந்த வாரமே போயிடுச்சாம். புனேயிலேருந்து யாரோ வந்து வாங்கிட்டுப் போனாங்களாம். நம்பர் இல்ல. "தூஸ்ரா ஆயேகா, சாப்"னார்.

அன்னைக்கு ராத்திரி பையனுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். புழு, மீன், நத்தை, நான் சொன்ன பொய், எல்லாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டான், "அவ கொத்தினப்போ பாலிப் குறைஞ்சுதாப்பா, இல்ல மூடிட்டு திரும்ப விரிஞ்சுதா?" யோசிச்சுப் பார்த்தேன். விரிஞ்சுது. பத்து நிமிஷத்துல. "பாசியைக் கொத்தியிருப்பா. சரி விடுங்க. ஆனா ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல." திட்டியிருந்தா தேவலை.

இதெல்லாம் ஆனதுக்கு அப்புறம் படிச்ச ஒரு விஷயம். கடல்ல கிளை விட்டு வளர்ற சில பவளங்களுக்குள்ள டிராபீசியான்னு ஒரு குட்டி நண்டு குடியிருக்கும். பவளத்துக்குள்ள நண்டுன்னா எனக்கெல்லாம் பார்த்த உடனே சந்தேகம்தான். ஆனா அது காவல்காரன். முள்முடி நட்சத்திர மீன்னு ஒண்ணு, வருஷத்துக்குப் பத்து சதுர மீட்டர் வரைக்கும் பவளத்தைத் தின்னு தீர்க்கக் கூடியது, அது ஏறி வரும்போது இந்த நகத்தளவு நண்டு அதோட காலைக் கிள்ளி விரட்டும். அங்கயே குடியிருக்கறான்னு சொல்லி அவனைப் பிடிச்சு வெளியே போட்டா, வீட்டுக்குக் காவல் போச்சு.

நான் தூத்துக்குடிக்காரன். பவளத்தைத் தின்னது யாருன்னு கேட்டா எங்க ஊர்ல கையைத் தூக்க நிறைய பேர் உண்டு. மன்னார் வளைகுடாப் பவளப்பாறையை வெட்டி, படகு படகா கொண்டு வந்து, காளவாசல்ல வேக வச்சு சுண்ணாம்பாக்கின ஊரு. 2005 வாக்குலதான் அது நின்னுச்சு. அங்க இருந்த 21 தீவுல ரெண்டு தண்ணிக்குள்ள போயிடுச்சு, அதுக்குப் பாறை வெட்டினது முக்கியக் காரணம்னு சொல்றாங்க. சின்ன வயசுல நானும் காளவாசல் பக்கம் குமிச்சு வச்சிருந்த வெள்ளைக் கல்லு மேல ஏறி விளையாடியிருக்கேன். அது ஒரு காலத்துல உயிரோட இருந்துச்சுன்னு அப்ப யாரும் சொல்லல. இப்ப மூணடி தொட்டியில முப்பது பாலிப்புக்காக ராத்திரி ஒன்றரை மணிக்கு முழிச்சுக்கிட்டு இருக்கேன்.

தீபாவளிக்குப் பையன் வந்தான். பையைக் கூட இறக்கி வைக்காம தொட்டி முன்னாடி நின்னான். ராணி வழக்கமா வர்ற வலது மூலையையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் என் ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டி, 'நத்தை ஒன்று காப்பாற்றப்பட்டது' வந்ததும் சிரிச்சுட்டான். பேனாவை எடுத்து 'கையெழுத்து'க்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு, 'சரிபார்த்தவர்'னு எழுதினான். இப்ப தினமும் ராத்திரி எண்ணிக்கையை போன்ல சொல்றேன், சேர்ந்த பிறகுதான் நாள் முடியுது.

நேத்தைய கணக்கு: 97. புதுக் கல்லுலயும் ஆறு முளைச்சிருக்கு.

அந்த பியூன் ரிடையர் ஆகியிருப்பார். பழைய கிளையில ஒரு நண்பர்கிட்ட அவர் நம்பரைக் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. இன்னும் பண்ணல.

டிஸ்கி: தொட்டி ஆரம்பிக்கலாம்னு யோசிக்கறவங்க முதல்ல உங்க வீட்டு தங்கமணிகிட்ட கரண்ட் பில் பத்திப் பேசிடுங்க. ரெண்டாவதா ஒரு தனி பக்கெட் வாங்குங்க. மீனெல்லாம் அதுக்கப்புறம்தான்.